வாரண்டி முடிந்த கையோடு என்ஜின் போய்விட்டதா? பினாங்கில் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்குத் தீவிலும், அக்கரையில் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கமும் கார் வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாருடைய கதையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வாரண்டி இருந்தவரை கார் ஒழுங்காக ஓடியது. முடிந்து சில வாரத்திலோ சில மாதத்திலோ என்ஜின் காலை வாரிவிட்டது. சர்வீஸ் சென்டர் கையை விரித்துவிட்டது. ஊர் எடுத்துக்காட்டுகள் பினாங்கைச் சேர்ந்தவை என்றாலும், பயனீட்டாளர் சட்டம் பற்றிச் சொல்வது மலேசியா முழுமைக்கும் பொருந்தும்.

வாரண்டி முடிந்துவிட்டது என்கிறார்கள். அத்தோடு கதை முடிந்ததா?

இல்லை. இதில் இரண்டு உத்தரவாதங்கள் இருக்கின்றன. கவுண்ட்டரில் இருப்பவர் ஒன்றைப் பற்றி மட்டும்தான் பேசுவார். அது கார் வாங்கும்போது கையில் கொடுத்த சிறு புத்தகத்தில் இருப்பது, நிறுவனம் தானாகக் கொடுத்த வாக்கு. அதில் ஐந்து வருடம் என்று போட்டிருந்தால் ஐந்து வருடம்தான். அதற்கு மேல் ஒரு நாள் நீட்ட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

இன்னொன்று, 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தருவது. அதன் 32-ஆம் பிரிவு, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பயன்பாட்டுக்கு ஏற்றதாக, பாதுகாப்பானதாக, சிறு குறைகளும் இல்லாததாக, நீடித்து உழைப்பதாக இருக்க வேண்டும் என்று அதை விளக்கவும் செய்கிறது. நமக்கு வேண்டியது அந்தக் கடைசி நிபந்தனை. எத்தனை வருடம் உழைக்க வேண்டும் என்று சட்டம் எண் போடவில்லை. பொருளின் தன்மை, விலை, விற்கும்போது சொன்னவை எல்லாம் தெரிந்த நியாயமான ஒருவர் இதை ஏற்றுக்கொள்வாரா என்பதுதான் அளவுகோல். "எங்கள் வாரண்டியைத் தவிர வேறு எந்தப் பொறுப்பும் இல்லை" என்று புத்தகத்தில் பொடி எழுத்தில் இருந்தாலும், இந்தச் சட்டம் தரும் உரிமையை அப்படி எழுதி வாங்கிவிட முடியாது. 6-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

அதற்காக, சட்டம் நம் பக்கம் என்று மார்தட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். 65,000 கிலோமீட்டர் ஓடி, நேரத்துக்கு சர்வீஸ் செய்த காரின் என்ஜின் ஐந்து வருடம் மூன்று மாதத்தில் பிடித்துக்கொண்டால் உங்கள் பேச்சு எடுபடும். 190,000 ஓடி, கடைசியாக எப்போது ஆயில் மாற்றினோம் என்றே நினைவில்லாத காருக்கு எடுபடாது. வழக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தி நீங்களே கெடுத்துக்கொண்டதற்குச் சட்டம் யாரையும் பொறுப்பாக்காது.

என் காருக்கு வாரண்டி உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் கார் பதிவான நாளிலிருந்து கணக்கு தொடங்கும். பெரோடுவா ஐந்து ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது என்கிறது. ஹோண்டா, டொயோட்டா கார்களுக்கு இங்கே ஐந்து ஆண்டு, கிலோமீட்டர் வரம்பு இல்லை. வரம்பு உள்ள காரில் தினமும் சுங்கைப் பட்டாணியிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு வேலைக்கு வந்து போகிறவர்களுக்குக் கிலோமீட்டர்தான் முதலில் முடியும். அதைப் பலர் கவனிப்பதில்லை.

அடுத்து, ஒவ்வொரு சர்வீஸுக்கும் எழுதித் தரும் வேலைத் தாள்களை, அதாவது பழைய ஜாப் ஷீட்டுகளைப் புரட்டுங்கள். வாரண்டி இருந்த காலத்தில் "காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சத்தம் வருகிறது", "தண்ணீர் குறைகிறது" என்று நீங்கள் சொல்லி, அதை அவர்கள் எழுதியிருந்தால் உங்கள் நிலைமையே வேறு. இன்று போன என்ஜின் அன்று தொடங்கிய குறையின் முடிவு என்று சொல்ல அந்த ஒரு வரி போதும். வாயால் மட்டும் சொல்லி, "நார்மல்தான் பாஸ், எல்லா காருக்கும் இப்படித்தான்" என்ற பதிலோடு வந்துவிட்டவர்கள்தான் அதிகம். அந்தப் பதிலுக்குச் சாட்சி யாரும் இல்லை.

சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த மாடலுக்கு ஏதாவது ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே கார்களைத் திரும்ப அழைப்பது) நிலுவையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வாரண்டி முடிந்ததும் உடைகிற மாதிரி திட்டமிட்டே செய்கிறார்களா?

காப்பிக்கடையில் இதைச் சொன்னால் பத்துப் பேர் தலையாட்டுவார்கள். நான் நம்பவில்லை. ஐந்தாம் வருடக் கடைசியில் என்ஜின்கள் போவதற்கு இதைவிடச் சாதாரணமான காரணங்கள் இருக்கின்றன.

என்ஜினைச் சுற்றி ரப்பரும் பிளாஸ்டிக்கும் நிறைய. ரேடியேட்டரின் மேல் தொட்டி, தெர்மோஸ்டாட் கூடு, கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்) போகும் ஹோஸ், ஆயில் சீல். இவை கிலோமீட்டரை விட வெப்பத்தாலும் வயதாலும்தான் சாகின்றன. நம் ஊரில் குளிர்காலம் என்ற ஓய்வே கிடையாது. மாலை ஆறு மணிக்குப் பாலத்தை நோக்கி ஊர்ந்து போகும் கார், கிலோமீட்டர் கூடாமலேயே ஒரு மணி நேரம் என்ஜினைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. மீட்டரில் 60,000 காட்டும் ஜார்ஜ் டவுன் கார், நெடுஞ்சாலையிலேயே 100,000 ஓடிய காரை விட அதிக மணி நேரம் உழைத்திருக்கக்கூடும். நின்று நின்று போகும் ஓட்டத்தைப் பல உரிமையாளர் கையேடுகள் கடுமையான பயன்பாடு என்றே வகைப்படுத்தி, ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

நம் பழக்கமும் ஒரு காரணம். வாரண்டி முடியப் போகிறது என்றதும் செலவைக் குறைக்க வெளிப் பட்டறைக்கு மாறுகிறோம், அல்லது ஒரு சர்வீஸைத் தள்ளிப்போடுகிறோம். ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்த கூலண்ட் அந்த இடைவெளியில் தீர்ந்துவிடுகிறது.

தயாரிப்பிலேயே குறை இருப்பதும் உண்டு, மறுக்கவில்லை. ஹூண்டாய், கியா கார்களில் வந்த தீட்டா 2 என்ஜின் இதற்கு நன்றாகப் பதிவான எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் கிராங்க்ஷாஃப்டைக் கடையும்போது சரியாக அகற்றப்படாத உலோகத் துகள்கள் ஆயில் பாதையை அடைத்து, கனெக்டிங் ராடு பேரிங்குகளைத் தின்றுவிட்டன. 2015-இல் ஹூண்டாய் அங்கே சோனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. 2019-இல் வழக்கைத் தீர்க்க, அந்த என்ஜின்களின் கீழ்ப்பகுதிக்கு வாழ்நாள் வாரண்டி தர இரு நிறுவனங்களும் ஒத்துக்கொண்டன. ரீகாலைத் தாமதப்படுத்தியதற்காக 2020-இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்போடு மொத்தம் 21 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டன. அந்த உடன்பாடுகள் அமெரிக்காவுக்கானவை, இங்கே அப்படியே செல்லாது. ஆனால் உங்கள் காரில் இருக்கும் அதே என்ஜினுக்கு வேறு நாட்டில் ரீகாலோ வாரண்டி நீட்டிப்போ வந்திருந்தால், அதை அச்செடுத்துக் கடிதத்தோடு வைப்பதில் தவறே இல்லை. கதவைத் தட்ட அது நல்ல கருவி.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு விளக்கு வந்துவிட்டது. என்ன செய்ய?

பாதுகாப்பான இடம் கிடைத்த உடனே ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள். "வீடு பக்கம்தான், போய்விடலாம்" என்ற அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டர்தான் ஒரு ஹோஸ் செலவை முழு என்ஜின் செலவாக மாற்றுகிறது. ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் புலாவுக்கு மேடேறும்போது வந்தாலும் சரி, பாலத்தின் மேல் வந்தாலும் சரி, ஏர்கானை உடனே அணைத்துவிட வேண்டும்.

இப்போது வரும் பல சிறிய கார்களில் சூடு காட்டும் ஊசியே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். இதில் ஒரு பொல்லாத்தனம் உண்டு. கூலண்ட் முழுக்க வெளியேறிவிட்டால் சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இருக்காது, அது சூட்டைச் சரியாக அளக்காது. விளக்கு தாமதமாக வரும், சில சமயம் வராமலே போகும். அதற்குள் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். "சிவப்பு விளக்கு வந்த பிறகும் ஓட்டியிருக்கிறீர்கள்" என்று சர்வீஸ் சென்டர் சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். ஆயில் விளக்கு எரிந்திருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்தே பார்க்காதீர்கள். போனை எடுத்து டாஷ்போர்டில் எரியும் விளக்குகளையும் மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரையும் படம் பிடியுங்கள்.

அப்புறம், நீங்கள் கூப்பிடாமலேயே இரண்டு நிமிடத்தில் வந்து நிற்கும் தோ லோரிக்காரரை (இழுவை லாரிக்காரரை) நம்பி சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் இன்சூரன்ஸ் தரும் இலவச இழுவைச் சேவையைக் கூப்பிடுங்கள். நெடுஞ்சாலையில் என்றால் அதை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் ரோந்து வண்டியைக் கூப்பிடுங்கள். கார் எந்தப் பட்டறைக்குப் போகிறது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சர்வீஸ் சென்டர் என்ஜினைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிறது. சம்மதிக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். இந்தச் சண்டையில் பாதி, என்ஜினைத் திறக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஏன் உடைந்தது என்பதற்கான ஆதாரம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. திறப்பவர் சொல்வதுதான் பிறகு எல்லார் வாயிலும் வரும். திறந்து, கழுவி, பழைய கேஸ்கட்டைத் தூக்கிப் போட்ட பிறகு உங்கள் கையில் இருப்பது பில் மட்டும்தான்.

அதனால் சம்மதியுங்கள், ஆனால் எழுத்தில் சம்மதியுங்கள். ஆய்வுக்கு மட்டும்தான் அனுமதி, பழுதுபார்க்க இல்லை என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். திறப்பதற்கு எவ்வளவு கூலி, குறை அவர்கள் பக்கம் என்று தெரிந்தால் அந்தக் கூலியை யார் ஏற்பது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். திறக்கும் நேரத்தில் நீங்களோ உங்களுக்குத் தெரிந்த ஒரு போர்மேனோ (பட்டறை மெக்கானிக்) கூட இருக்க வேண்டும். கழற்றிய எந்தப் பாகத்தையும் உங்கள் அனுமதி இல்லாமல் தூக்கிப் போடக்கூடாது என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை உண்டு. கம்ப்யூட்டரைச் செருகி, பதிவாகியிருக்கும் கோளாறுக் குறியீடுகளை அழிக்காமல் அச்செடுத்து வாங்குங்கள். பல கோளாறுகளுக்கு, அது நடந்த கணத்தில் என்ஜின் எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில் இருந்தது என்பதும் கூடவே பதிவாகியிருக்கும். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயிலின் அளவையும் நிறத்தையும் படம் எடுங்கள். ஆயிலை வடிக்கும்போது ஒரு சிறு போத்தல் அளவு சுத்தமான டப்பாவில் பிடித்து, தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் ஃபில்டரும் உங்களிடமே இருக்கட்டும். அதை வெட்டிப் பார்த்தால் பேரிங் தேய்ந்த உலோகப் பொடி மடிப்புகளுக்குள் மினுங்கும்.

திறந்த பிறகு எதைப் பார்ப்பது? ஹெட்டைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். தண்ணீர் போகும் ஓட்டைகளின் ஓரத்தைப் பாருங்கள். துருவும் சேறும் இருந்தால் வெறும் பைப் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பு. ஓரங்கள் சுத்தமாக இருந்து, வாட்டர் பம்ப் இணைப்பிலோ ரேடியேட்டர் தொட்டியின் மடிப்பிலோ காய்ந்துபோன இளஞ்சிவப்புப் பொருக்கு படிந்திருந்தால், கூலண்ட் ஒரே நாளில் போகவில்லை, பல மாதமாக அங்கே துளித்துளியாகக் கசிந்து உலர்ந்திருக்கிறது. அப்படியென்றால் ஆறு மாதத்துக்கு முன் அதே சர்வீஸ் சென்டரில் காரைத் தூக்கிப் பார்த்தவர் கண்ணில் அது ஏன் படவில்லை? இந்தக் கேள்வியின் பலம் பின்னால் வரும். வால்வ் மூடிக்கு அடியில் கறுப்புக் களிம்பு அப்பியிருந்தால் ஆயில் மாற்றும் இடைவெளி பற்றிய பேச்சு வரும். மூடியின் உட்பக்கம் பால் கலந்த காப்பி நிறத்தில் நுரை இருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லாவற்றையும் படம் எடுங்கள், கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று.

பெரிய தொகை என்றால், அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒரு பொறியாளரிடமோ சேதத்தை மதிப்பிடும் உரிமம் பெற்ற அட்ஜஸ்டரிடமோ எழுத்தில் அறிக்கை வாங்குவது செலவுக்குத் தகும். உங்கள் வழக்கமான போர்மேன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், "இது கம்பெனி தப்புதான் அண்ணே" என்று வாயால் சொன்னதை எந்த மன்றத்திலும் தாக்கல் செய்ய முடியாது.

"நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை" என்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

எதைப் பராமரிக்கவில்லை, அது எப்படி இந்தக் குறிப்பிட்ட பாகம் உடையக் காரணமானது என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு சர்வீஸை 1,200 கிலோமீட்டர் தாமதமாகச் செய்ததற்கும் தெர்மோஸ்டாட் கூடு வெடித்ததற்கும் என்ன சம்பந்தம்? அவர்கள்தான் விளக்க வேண்டும். எழுத்தில் கேட்டால் பதிலின் தொனியே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்திருந்தால் நிலைமை கொஞ்சம் சிக்கல்தான், ஆனால் கை விடத் தேவையில்லை. என்ன ஆயில், எத்தனை லிட்டர், எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டரில் என்று எழுதிய ரசீது இருந்தால் அதுவும் ஆதாரம்தான். "சர்வீஸ் 180 வெள்ளி" என்று மட்டும் கிறுக்கிய துண்டுச்சீட்டு எதற்கும் உதவாது. வாட்ஸ்அப்பில் போர்மேனோடு பேசியது, ஆயில் வாங்கிய ஆன்லைன் ஆர்டர் எல்லாம் இப்போது கைகொடுக்கும், தேடி எடுங்கள்.

முதலில் யாரிடம் போவது?

நேராக வழக்கு என்று கிளம்ப வேண்டாம். முதலில் சர்வீஸ் சென்டர் மேலாளர், அங்கே நகரவில்லை என்றால் நிறுவனத்தின் தலைமையகத்தில் இருக்கும் வாடிக்கையாளர் பிரிவு. வாரண்டி முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தால், பாகத்தின் விலையை அவர்கள் ஏற்று, கூலியை நீங்கள் ஏற்பது, அல்லது பாதிக்குப் பாதி என்று நல்லெண்ண அடிப்படையில் முடிப்பது கார் நிறுவனங்களின் நடைமுறையில் உள்ளதுதான். அவர்களாக அதை வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கடிதத்தில் கோபம் வேண்டாம். கார் பதிவான தேதி, வாரண்டி முடிந்த தேதி, பழுதான தேதி, கிலோமீட்டர், சர்வீஸ் வரலாறு, ஆய்வில் தெரிந்தது, சட்டத்தின் 32-ஆம் பிரிவு, நீங்கள் கேட்கும் தொகை, பதிலுக்கு 14 நாள் தவணை. மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரே பக்கத்தில் முடித்துவிடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் தேதி தானாகவே பதிவாகிவிடும். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். பேஸ்புக்கில் போட்டுக் கிழிப்பது மனசுக்கு ஆறுதல் தரலாம், ஆனால் அவதூறு வழக்கு என்று பேச்சு வந்தால் நீங்கள் கேட்பவராக இருந்த நிலை மாறிப் பதில் சொல்பவராகிவிடுவீர்கள்.

பாதித் தொகை தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள் என்றால், முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். அதன் பிறகு மீதிக்காகப் போராடுவது கஷ்டம்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போட எவ்வளவு செலவாகும்?

ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட். அச்சுப்பிழை இல்லை. எல்லாரும் திரிபியூனல் என்று சொல்வது இதைத்தான். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்குகிறது, பினாங்கிலும் அமர்வு உண்டு, இணையத்திலும் பதிவு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். அதற்கு மேல் போனால் மிச்சத்தை விட்டுக்கொடுத்து 50,000-க்குள் கொண்டுவரலாம், ஆனால் ஒரே கோரிக்கையை இரண்டாக உடைத்துப் போட முடியாது. பொதுவாக ஒரு என்ஜின் செலவு இதற்குள் அடங்கிவிடும்.

வக்கீல் கிடையாது, எந்தப் பக்கத்துக்கும். நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து உட்காருவார், இந்தப் பக்கம் நீங்கள். மனுவை எதிர்த்தரப்பிடம் சேர்ப்பித்த பிறகு அவர்கள் 14 நாளுக்குள் பதில் மனு தர வேண்டும். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து முடிந்தவரை 60 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தத் தீர்ப்பு நீதிமன்ற உத்தரவுக்குச் சமம். 14 நாளுக்குள் நிறைவேற்றாமல் விடுவது குற்றமாகும்.

யார் மேல் போடுவது? விற்ற டீலர் மேலும் போடலாம், தயாரிப்பாளர் மேலும் போடலாம். தயாரிப்பாளர் வெளிநாட்டில் இருந்து, இங்கே அவருக்கு அலுவலகம் இல்லையென்றால் இறக்குமதி செய்பவரையோ விநியோகிப்பவரையோ தயாரிப்பாளராகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. இருவரையும் சேர்த்துவிடுவது நல்லது. ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுத் தப்பிக்க இடம் குறையும்.

மூன்று வருட வரம்பு என்று ஒன்று இருக்கிறதாமே? என் கார் வாங்கி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே?

இதுதான் இந்த மாதிரி வழக்குகளில் கழுத்தைப் பிடிக்கும் இடம். கோரிக்கைக்கான காரணம் எழுந்து மூன்று வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காரணம் எப்போது எழுந்தது? "காரை விற்ற அன்றே" என்று அவர்கள் வாதிடுவார்கள், அப்படியானால் உங்கள் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. "என்ஜின் போன அன்று" என்பது உங்கள் வாதம். நடுவர் எதை ஏற்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆகவே ஒரே காலில் நிற்க வேண்டாம்.

மேலே இளஞ்சிவப்புப் பொருக்கு பற்றிச் சொன்னேனே, அது இங்கேதான் உதவுகிறது. அதே சட்டத்தின் 53-ஆம் பிரிவு, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. கடந்த ஒரு வருடத்தில் காசு வாங்கிக்கொண்டு சர்வீஸ் செய்து, கூலண்ட் சரிபார்க்கப்பட்டது என்று டிக் போட்டுக் கொடுத்த சர்வீஸ் சென்டர் அந்தக் கசிவைக் கவனிக்கவில்லை என்றால், அது புதிய காரணம். கார் எப்போது வாங்கினீர்கள் என்பது அங்கே பிரச்சினையே இல்லை. மனுவில் பொருளின் தரத்தையும் சேவையின் தரத்தையும் இரண்டையும் சொல்லுங்கள்.

நடுவர் மன்றம் கை கொடுக்காவிட்டால் சாதாரண நீதிமன்றம் இருக்கிறது. தீபகற்பத்தில் ஒப்பந்த வழக்குகளுக்கு 1953-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி ஆறு வருடம். அங்கே வக்கீல் செலவு உண்டு, தொகையைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

கார் ஓடவில்லை. பேங்க் தவணையை நிறுத்திவிடலாமா?

கூடாது. கோபத்தில் பலர் செய்வது இதுதான். ஒன்பது வருடக் கடனில் ஆறாவது வருடம் என்ஜின் போனால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் கடன் உங்களுக்கும் வங்கிக்கும் இடையில். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், 1967-ஆம் ஆண்டுத் தவணைமுறைக் கொள்முதல் சட்டப்படி 21 நாள் நோட்டீஸ் கொடுத்து வங்கி காரை எடுக்கும் வழி திறந்துவிடும். முக்கால் பங்கு கட்டி முடித்திருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுக்க முடியாது. கார் போய்விட்டால் ஆதாரமும் அதோடு போய்விடும். கட்ட முடியவில்லை என்றால் முன்னாடியே வங்கியிடம் பேசித் தவணையைத் திருத்தி அமைக்கக் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் தருமா?

தராது. முழுக் காப்பீடு என்பது விபத்து, தீ, திருட்டு பற்றியது. இயந்திரம் தானாகப் பழுதாவதை அது சேர்ப்பதில்லை. வெள்ளத்தில் ஓட்டி என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தது என்றால் அது தனிக்கதை. இயற்கைப் பேரிடருக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் பேச முடியும். 2017 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பினாங்கில் பலர் இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டார்கள்.

நான் அந்தக் காரில் கிராப் ஓட்டுகிறேன். எனக்கும் இந்தச் சட்டம் உண்டா?

சட்டம் வீட்டு, சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குபவரைத்தான் மனதில் வைத்திருக்கிறது. பகுதி நேரமாக ஓட்டினால் வாதிட இடம் உண்டு, முழு நேரத் தொழில் என்றால் எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் பிடிக்கும். வாரண்டிப் புத்தகத்தில் வாடகை ஓட்டத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். கம்பெனி பெயரில் பதிவான காருக்கும் இதே கவலை உண்டு.

என் வாரண்டி முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இப்போதே ஏதாவது செய்யலாமா?

தாராளமாக. இந்தப் பக்கத்தைச் சரியான நேரத்தில் படிக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். கார் குளிர்ந்திருக்கும் காலையில் பானட்டைத் திறந்து கூலண்ட் டேங்கின் அளவைக் கோட்டோடு ஒப்பிட்டுப் படம் எடுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். குறைந்திருந்தால் எங்கேயோ போகிறது. முதல் ஸ்டார்ட்டில் இரண்டு விநாடி சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு சர்வீஸ் சென்டரில் நேரம் வாங்கி, ஒவ்வொரு குறையையும் ஜாப் ஷீட்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுத வைத்து நகல் வாங்குங்கள். "ஒன்றுமில்லை" என்று அவர்கள் எழுதித் தந்தாலும் நல்லதுதான். அந்த "ஒன்றுமில்லை" பிறகு அவர்களையே கேள்வி கேட்கும்.

நீட்டிப்பு வாரண்டி வாங்கலாமா என்று கேட்பீர்கள். எந்தப் பாகம் சேர்த்தி, ஒரு கோரிக்கைக்கு உச்ச வரம்பு எவ்வளவு, சர்வீஸ் எங்கே செய்ய வேண்டும் என்று மூன்றையும் படித்த பிறகு முடிவு செய்யுங்கள். அதிகச் சூட்டினால் வரும் சேதத்தை விலக்கி வைத்திருந்தால் வாங்காதீர்கள்.

இதையெல்லாம் எழுதிக் கேட்க எனக்குத் தெம்பில்லை. யாராவது உதவுவார்களா?

ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. 1969-இல் தொடங்கியது, தமிழிலும் பேசலாம். தாள்களை வரிசைப்படுத்தி எடுத்துக்கொண்டு போங்கள். அமைச்சின் புகார் பிரிவிலும் பதிவு செய்யலாம், ஆனால் பணம் திரும்ப வாங்கித் தரும் அதிகாரம் நடுவர் மன்றத்துக்குத்தான்.

வழக்கு முடியும்வரை காத்திருக்க முடியாது, கார் வேண்டும். ஓவர்ஹாலா, ஹாஃப்கட் என்ஜினா?

காத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆதாரங்களைச் சேர்த்து, அறிக்கையும் வாங்கிவிட்டால், நிறுவனத்துக்கு "இந்தத் தேதியில் பழுதுபார்க்கப் போகிறேன், அதற்கு முன் நீங்கள் வந்து பார்க்கலாம்" என்று எழுதிவிட்டுச் செய்துகொள்ளுங்கள். பிறகு அந்த ரசீதின் தொகையைக் கோரலாம்.

ஹெட் மட்டும் வளைந்திருந்து, சிலிண்டர் சுவர்கள் நன்றாக இருந்தால் டாப் ஓவர்ஹால் போதும். ஹெட்டைச் சமன் செய்து, புது கேஸ்கட், புது வாட்டர் பம்ப், புது தெர்மோஸ்டாட் எல்லாம் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். பழைய பம்ப்பை மிச்சம் பிடித்து மறுபடி கொதிக்க வைத்தவர்கள் உண்டு. கிராங்க் பேரிங் போய்விட்டால் கணக்கு மாறும். அப்போது ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்கட் என்ஜின், அதாவது அங்கே ஓடிய பழைய காரை வெட்டி எடுத்தது, பல சமயம் மலிவு. ஆனால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கம்ப்ரஷன் அளந்து காட்டச் சொல்லுங்கள், கடை தரும் ஒரு மாத உத்தரவாதத்தை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

என்ஜின் எண் மாறினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவிலும் மாற்ற வேண்டும். என்ஜின் வாங்கிய ரசீதோடு புஸ்பாகோம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பரிசோதனை முடித்து கெரானில் (காரின் பதிவுச் சான்றில்) புதிய எண்ணை ஏற்றுங்கள். கடன் நிலுவையில் இருந்தால் வங்கியின் சம்மதமும் வாங்க வேண்டும். பட்டறைக்காரர் "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க" என்பார். காரை விற்கப் போகும் அன்று பரிசோதனையில் எண் ஒத்துப்போகாமல் நிற்கும்போது அவர் போனை எடுக்கமாட்டார்.